பாலத்தைத் தாண்டும் பிள்ளைகள்

(ஜொகூரில் தமிழ்க் குடும்பங்களுக்காக நடந்த சட்ட விளக்கக் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரை. அன்று வர இயலாதவர்களுக்காக எழுத்தில் தருகிறோம்.)



வழக்கமாக உங்கள் முன்னால் நான் பேசுவது பிறப்புப் பத்திரம், சிவப்பு அடையாள அட்டை, லாக்கப் மரணம், தமிழ்ப்பள்ளி நிலம் பற்றித்தான். இன்றைய தலைப்பைச் சொன்னதும் ஏற்பாட்டாளர்களில் ஒருவர் என்னைத் தனியாக அழைத்து, "குடும்பத்தோட வருவாங்களே, இது வேணுமா?" என்று கேட்டார். குடும்பத்தோடு வருவார்கள் என்பதால்தான் வேண்டும் என்றேன். எழுந்து போக நினைப்பவர்கள் ஐந்து நிமிடம் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு போனால் நான் வருத்தப்பட மாட்டேன்.

விடியற்காலை நான்கு மணிக்கு நம் தாமான்களில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும். மாசாய், பாசிர் கூடாங், ஸ்கூடாய் என்று எல்லாப் பக்கமிருந்தும் நம் பிள்ளைகள் சிங்கப்பூருக்குப் புறப்படுகிறார்கள். 1924ல் திறந்த அந்தப் பாலம் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம். அதைத் தாண்டினால் காசின் மதிப்பு மாறுகிறது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். சட்டமும் மாறுகிறது என்பது பலருக்குத் தெரியாது. நம் வீட்டுப் பிள்ளைகளில் சிலருக்கு அந்த மாற்றம்தான் பெரிய மாற்றம். ஆணை விரும்பும் ஆண் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறேன். அவர்கள் தங்களைக் 'கே' என்று சொல்லிக்கொள்கிறார்கள். நம் பத்திரிகைகள் 'ஓரினச்சேர்க்கையாளர்' என்று எழுதுகின்றன. ஒரு மனிதனின் முழு வாழ்க்கையையும் கட்டிலோடு சேர்த்துக் கட்டிவிடும் சொல் அது. எனக்குப் பிடிக்காது. தெருவில் நாம் சொல்லும் மற்ற வார்த்தைகளை இந்த மேடையில் சொல்ல வேண்டாம். நீங்களும் கேட்டிருக்கிறீர்கள், நானும் பள்ளியில் இன்னொரு பையனைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். இது என் குற்றத்தின் கதை.

2009ஆம் ஆண்டுக் கடைசி. என் கறுப்பு அங்கி இன்னும் புது மடிப்புக் கலையாத காலம். ஓர் அம்மா மகனோடு என் அலுவலகத்துக்கு வந்தார். மகனுக்கு இருபத்தாறு வயது, உட்லண்ட்ஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை. இணைய அரட்டையில் பழகிய எவனோ ஒருவன், "உன் படம் என்னிடம் இருக்கிறது, உன் அப்பாவிடமும் போலீசிலும் கொடுத்துவிடுவேன்" என்று மிரட்டிப் பணம் பிடுங்கிக்கொண்டிருந்தான். பையன் இரண்டு முறை கொடுத்துவிட்டான். மூன்றாம் முறை கேட்டபோது வேறு வழி தெரியாமல் அம்மாவிடம் சொல்லிவிட்டான். அம்மா சங்கிலியை அடகு வைத்து 3,000 வெள்ளியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். கொடுத்துவிடலாமா வேண்டாமா என்று என்னிடம் கேட்டார்.

சட்டத்தைப் பொறுத்தவரை நான் சரியாகத்தான் சொன்னேன். பணம் கொடுக்காதீர்கள், மிரட்டிப் பணம் பறிப்பது தண்டனைச் சட்டம் 384ஆம் பிரிவின் கீழ் பத்தாண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம் என்றேன். மிரட்டியவனுக்கு ஒரு வழக்கறிஞர் கடிதம் அனுப்பினோம். அதோடு அவன் காணாமல் போனான். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இவனை என்ன செய்யிறது லோயர்?" என்று கேட்டார். சட்டம் படித்தவனிடம் கேட்கிற கேள்வியா அது? எனக்குத் தெரியாதம்மா என்று சொல்லத் தெரியாத வயது எனக்கு. "ஒரு கல்யாணத்தைப் பண்ணி வையுங்க, ஒரு பிள்ளை பிறந்தா எல்லாம் சரியாயிடும்" என்றேன். பையன் தலை நிமிரவில்லை.

அம்மா கழிவறைக்குப் போன நேரத்தில் அவன் ஒரே ஒரு விஷயம் சொன்னான். அந்த ஆண்டு மே 16, சனிக்கிழமை, வேலை முடிந்து ஹோங் லிம் பூங்காவுக்குப் போனானாம். சைனாடவுன் பக்கத்தில் இருக்கும் அந்தப் பூங்காவில் அன்று ஏறத்தாழ 2,500 பேர் இளஞ்சிவப்பு உடையில் கூடி ஒரு பெரிய புள்ளிபோல நின்றார்கள். 'பிங்க் டாட்' என்று அதற்குப் பெயர். சிங்கப்பூரில் அதுதான் முதல் தடவை. கே பிள்ளைகள் மட்டும் வரவில்லை, அவர்களுடைய தாய் தகப்பன், அண்ணன் தம்பி, கூட வேலை செய்பவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். கூட்டத்தில் சேர்ந்து நிற்கச் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான் அனுமதி. இவன் மலேசியன். வெளியே ஓரமாக நின்று பார்த்தானாம். "ஒரு பாட்டி பேரன் கையைப் பிடிச்சிக்கிட்டு வந்திருந்தாங்க சார்" என்றான். அவ்வளவுதான். அதற்குள் அம்மா வந்துவிட்டார்.

2010ல் கல்யாணம் நடந்தது. எனக்கும் அழைப்பிதழ் வந்தது, போய் மொய் எழுதிவிட்டு வந்தேன். பதினொரு மாதம் கழித்து அந்தப் பெண் என் அலுவலகத்துக்கு வந்தாள். குளுவாங் பக்கம் தோட்டத்தில் வளர்ந்த பெண், இருபத்திரண்டு வயது. புருஷன் குடிப்பதில்லை, அடிப்பதில்லை, சம்பளத்தைக் கையில் கொடுக்கிறான். ஆனால் இரவில் பாய் போட்டு ஹாலில் படுத்துக்கொள்கிறான். மாமியாரிடம் சொன்னால் நீ சரியாக நடந்துகொள் என்கிறாராம். என்னைப் பார்த்து, "எனக்கு என்ன சார் குறை?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்ல எனக்கு உரிமை இல்லை. அந்தக் குடும்பத்துக்கு நான் ஏற்கனவே ஆலோசனை சொன்னவன் என்பதால் அவள் வழக்கை எடுக்கவும் முடியாது. ஒரு பெண் வழக்கறிஞரிடம் அனுப்பி வைத்தேன். நம் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 50ஆம் பிரிவின்படி கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகாமல் விவாகரத்து மனு போட முடியாது. மிகக் கடுமையான துன்பம் என்று நீதிமன்றத்தில் காட்டினால்தான் விதிவிலக்கு. இன்னொரு வழி 70ஆம் பிரிவு: தாம்பத்திய உறவே நடக்கவில்லை, ஆகவே இந்தத் திருமணத்தைச் செல்லாததாக்குங்கள் என்று கேட்பது. அதற்கு அவள் நீதிமன்றத்தில் எதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது என்பதை இங்கே விவரிக்க மாட்டேன். அவளுக்கும் தாய்மார் இருக்கிறார்கள், அவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கலாம்.

நான் சொன்ன ஒரு வாக்கியத்துக்காக, எந்தத் தப்பும் செய்யாத ஒரு பெண் பதினொரு மாதம் தன் உடம்பில் குறை தேடிக்கொண்டிருந்தாள். பிள்ளையைப் 'பொண்ணு பார்த்து' சரிசெய்துவிடலாம் என்று இங்கே யாராவது நினைத்துக்கொண்டிருந்தால், அந்தப் பெண்ணை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். அது உங்கள் மகளாகவும் இருக்கலாம்.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். இது கொஞ்சம் நீளும்.

"வெள்ளைக்காரன் பழக்கம்" என்று நம்மில் பலர் சொல்கிறோம். வெள்ளைக்காரன் நமக்கு விட்டுப்போனது அந்தச் சட்டப் பிரிவைத்தான். 1860ல் இந்தியாவுக்கு ஒரு தண்டனைச் சட்டம் எழுதினான், அதில் 377ஆம் பிரிவு 'இயற்கைக்கு மாறான' உறவைக் குற்றமாக்கியது. அதே சட்டத்தை 1871ல் சிங்கப்பூர், பினாங்கு, மலாக்காவுக்குக் கொண்டுவந்தான், பின்னர் மலாய் மாநிலங்களுக்கும் வந்தது. நம் தாத்தாக்களை ரப்பர்க் காட்டுக்குக் கப்பலேற்றிய அதே ஆட்சி, அதே அதிகாரிகள். 1938ல் சிங்கப்பூருக்கு 377ஏ என்று இன்னொரு பிரிவைச் சேர்த்தார்கள். ஆணும் ஆணும் 'ஆபாசமாக' நடந்துகொண்டால், தனி அறையாக இருந்தாலும், இரண்டாண்டு வரை சிறை.

எழுதியவன் தன் நாட்டில் 1967லேயே அதைத் தளர்த்திவிட்டான். இந்தியாவில் 2018 செப்டம்பர் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம், வயது வந்த இருவர் மனமொத்து இருந்தால் குற்றமில்லை என்று தீர்ப்பளித்தது.

சிங்கப்பூரில் அது மெதுவாகத்தான் நடந்தது. 1993ல் தஞ்சோங் ரூ கடற்கரைப் பக்கம் போலீஸ் ஆள் வைத்துப் பன்னிரண்டு ஆண்களைப் பிடித்தது. செய்தித்தாளில் வந்தது, சிலருக்குப் பிரம்படியும் கிடைத்தது. அதைக் கண்டித்து ஓர் இளங்கலைஞர் மேடையில் ஒரு நிகழ்ச்சி செய்தார். அந்த வகைக் கலைக்கே அரசாங்கம் பணம் கொடுப்பதைப் பத்தாண்டு நிறுத்திவிட்டது. அந்தக் காலத்தில் கே பிள்ளைகள் சந்தித்துக்கொள்ள இருட்டு மூலைகள்தான் இருந்தன. பிறகு தஞ்சோங் பகார், நீல் ரோடு பக்கம் மதுக்கூடங்களும் கரவோக்கே கடைகளும் வந்தன. ஆலோசனை சொல்ல ஊகாசாகா என்ற அமைப்பு 1999ல் தொடங்கியது. எல்லோரும் குடித்துக் கூத்தடிக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். எனக்குத் தெரிந்த பையன்கள் சனிக்கிழமை தேக்காவில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, யாருடைய அறையிலாவது உட்கார்ந்து தமிழ்ப் படம் பார்க்கிறவர்கள். அந்த அறைக்கு வாடகை பங்கு போட்டுக் கட்டுகிறார்கள், அதைப் பற்றித்தான் பாதி நேரம் சண்டை.

2007ல் சிங்கப்பூர் நாடாளுமன்றம் பழைய 377ஐ எடுத்துவிட்டு 377ஏ-வை மட்டும் வைத்துக்கொண்டது. சட்டம் இருக்கும், நடவடிக்கை எடுக்க மாட்டோம் என்றார்கள். 2010ல் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தவருக்கு வாதாடியவர் எம். ரவி, நம் தமிழர். 2012ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட உரிமை உண்டு என்று சொன்னது. 2014ல் அதே நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. மறுபடி வழக்கு, 2022 பிப்ரவரியில் மறுபடி தீர்ப்பு. கடைசியில் அரசாங்கமே முன்வந்தது. நீக்கும் மசோதாவை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தவரும் ஒரு தமிழர்தான், அமைச்சர் கா. சண்முகம். 2022 நவம்பர் 29ல் நிறைவேறியது. 2023 ஜனவரி 3 முதல் சிங்கப்பூரில் அந்தக் குற்றம் இல்லை.

அதற்காகச் சிங்கப்பூர் சொர்க்கமாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. திருமணம் என்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும்தான் என்ற விளக்கத்தை யாரும் நீதிமன்றத்தில் அசைக்க முடியாதபடி அதே நாளில் அரசியலமைப்பையும் திருத்திவிட்டார்கள். கல்யாணம் ஆகாத குடிமகன் தனியாக அரசு வீடு வாங்க 35 வயதுவரை காத்திருக்க வேண்டும். நம் மலேசியப் பிள்ளைகளுக்கு இன்னொரு கதவும் அடைபட்டது. 2017லிருந்து ஹோங் லிம் பூங்காவில் அந்த நாளில் வெளிநாட்டினர் பார்வையாளராகக்கூட நிற்கக் கூடாது. தடுப்பு வேலி போட்டு அடையாள அட்டையைப் பார்த்து உள்ளே விட்டார்கள். 2009ல் ஓரமாக நின்று பார்த்த பிள்ளை இன்று அப்படியும் நிற்க முடியாது.

பாலத்துக்கு இந்தப் பக்கம் என்ன? நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தில் 377பி இருக்கிறது. இருவரும் சம்மதித்திருந்தாலும் இருபதாண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. 377டி என்ற பிரிவில் 'ஆபாசச் செயலுக்கு' இரண்டாண்டு வரை. இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது, சட்டம் தண்டிப்பது செய்கையை. ஒருவன் கே-யாக இருப்பது குற்றம் அல்ல. ஒருவனைப் பார்த்து நடை சரியில்லை, பேச்சு சரியில்லை என்று தண்டனைச் சட்டத்தில் பிடித்துப் போட முடியாது. ஷரியா சட்டங்கள் முஸ்லிம்களுக்கு மட்டும்தான் பொருந்தும், இந்து, கிறிஸ்தவப் பிள்ளைகள் மேல் சமய அதிகாரிகளுக்கு அதிகாரம் இல்லை. தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் இங்கே இருந்தால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்: 2021 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம், சிலாங்கூர் ஷரியா சட்டத்தின் 28ஆம் பிரிவு செல்லாது, அந்தக் குற்றத்தைப் பற்றிச் சட்டம் போட மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்று தீர்ப்பளித்தது. எல்லா மாநிலத்திலும் எல்லாப் பிரிவும் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. அப்படி எதுவும் நடந்தால் உடனே ஷரியா வழக்கறிஞரைப் பாருங்கள்.

பிள்ளையைப் போலீஸ் பிடித்தால் என்ன செய்வது? மற்ற எந்த வழக்குக்கும் நான் சொல்வதுதான் இதற்கும். ஏன் பிடித்தார்கள் என்று சொல்ல வேண்டும். குடும்பத்துக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்ல அவனுக்கு உரிமை உண்டு, குற்றவியல் நடைமுறைச் சட்டம் 28ஏ. இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வாக்குமூலத்தில் தன்னையே குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம். வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்றால் தேசியச் சட்ட உதவி அறவாரியம் 2011லிருந்து இருக்கிறது, அதில் பதிந்த வழக்கறிஞர்கள் ரிமாண்டுக்கு வருவார்கள். இதைத் தாய்மார்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் பார்த்தவரை இப்படிப்பட்ட சமயத்தில் அப்பாக்கள் போலீஸ் நிலையத்துக்கு வருவதில்லை.

மிரட்டிப் பணம் கேட்டால் ஒரு காசு கொடுக்காதீர்கள். செய்திகளை அழிக்காமல் படம் எடுத்து வையுங்கள், புகார் கொடுக்கப் போகும்போது வழக்கறிஞரோடு போங்கள். மிரட்டுகிறவனுக்கு இருக்கும் ஆயுதம் ஒன்றே ஒன்றுதான்: "உன் வீட்டில் சொல்லிவிடுவேன்." வீட்டுக்கு முன்பே தெரிந்திருந்தால் அவன் எதை வைத்து மிரட்டுவான்?

உடல்நலம் பற்றியும் கூச்சப்படாமல் சொல்லிவிடுகிறேன். இது நோய் அல்ல. உலகச் சுகாதார நிறுவனம் 1990லேயே தன் நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. மந்திரித்த கயிற்றுக்கும் பேயோட்டுகிறவருக்கும் ஆயிரக்கணக்கில் கொடுத்த குடும்பங்களை எனக்குத் தெரியும். அந்தக் காசில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கலாம். எச்.ஐ.வி. வேறு விஷயம், அது யாருக்கும் வரலாம். சிங்கப்பூர் வேலைப் பெர்மிட்டுக்கான மருத்துவச் சோதனையில் அது தெரிந்தால் பெர்மிட் கிடைக்காது. அந்தப் பயத்தில் பல பிள்ளைகள் சோதனையே செய்துகொள்வதில்லை. இங்கே நம் அரசாங்க கிளினிக்கில் சோதனை செய்யலாம், ஆரம்ப நிலை மருந்துகள் 2006லிருந்து அரசாங்க மருத்துவமனைகளில் இலவசம். கோலாலம்பூரில் பி.டி. ஃபவுண்டேஷன் 1987லிருந்து இந்த வேலையைச் செய்துவருகிறது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறவன் வேலைக்குப் போகலாம், பேரன் பேத்தியைத் தூக்கிக் கொஞ்சலாம்.

2017 ஜூனில் பினாங்கில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பதினெட்டு வயதுத் தமிழ்ப் பையன் ஒருவனைக் கூட்டமாகச் சேர்ந்து தாக்கினார்கள், சில நாளில் மருத்துவமனையில் இறந்துபோனான். பெண் மாதிரி இருக்கிறான் என்று பள்ளிக் காலத்திலிருந்தே கேலி செய்யப்பட்டவன் என்று செய்திகளில் வந்தது. அவன் யாரை விரும்பினான் என்பது யாருக்கும் தேவையில்லாத விஷயம். நாம் மெழுகுவர்த்தி ஏற்றினோம், நானும் ஏற்றினேன். அன்று இரவு வீட்டுக்குத் திரும்பி, நான் பள்ளியில் கேலி செய்த அந்தப் பையன் இப்போது எங்கே இருக்கிறான் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சிறுபான்மை என்று சொல்லி நாம் தெருவில் நின்றிருக்கிறோம். நம்மைக் கணக்கில் எடுங்கள் என்று கேட்டிருக்கிறோம். கோலாலம்பூரில் கே பிள்ளைகளும் அவர்கள் நண்பர்களும் 2008லிருந்து ஆண்டுதோறும் நடத்திய 'செக்சுவாலிட்டி மெர்டேக்கா' என்ற விழாவை 2011 நவம்பரில் போலீஸ் தடை செய்தது. பேச்சு, நாடகம், பட்டறை, அவ்வளவுதான் அதில் இருந்தது. பொது ஒழுங்கு என்ற அந்த வார்த்தைகள் நமக்குப் புதியவையா?

அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். திருமணம் ரத்தான பிறகு அப்பா அவனை வீட்டுக்குள் விடவில்லை. சிங்கப்பூரில் அறை எடுத்துத் தங்கிவிட்டான். அப்பா 2019ல் காலமானார், காரியத்துக்கு வந்து வாசலோடு போய்விட்டான். 2020 மார்ச்சில் எல்லையை மூடினார்கள். அம்மா தனியாக இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம், ஏறக்குறைய இரண்டு வருடம். அந்தக் காலத்தில்தான் தினமும் இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசியில் பேச ஆரம்பித்தார்களாம். பேசும்போது பின்னால் இன்னொரு குரல், "அம்மா சாப்டாங்களான்னு கேளு" என்று சொல்லுமாம். யார் அது என்று அம்மா முதலில் கேட்கவில்லை. பிறகு ஒருநாள் கேட்டார், அவன் சொன்னான்.

2022 ஏப்ரலில் எல்லை முழுதாகத் திறந்ததும் அம்மா என்னைக் கூப்பிட்டு, அங்கே போக என்னென்ன பாரம் நிரப்ப வேண்டும் என்று கேட்டார். நானே நிரப்பிக் கொடுத்தேன். மீன் குழம்பை எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டார். அது எனக்குத் தெரியவில்லை அம்மா என்றேன். இந்தத் தடவை சொல்ல முடிந்தது.

அந்தப் பெண்ணுக்கு வேறு கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒருமுறை பசார் மாலாமில் என்னைப் பார்த்தாள். பேசாமல் போய்விட்டாள்.

தேநீர் பின்னால் தயாராக இருக்கிறது. நான் ஒன்பதரை மணிவரை இங்கேதான் இருப்பேன். எல்லோர் முன்னாலும் கேட்க வேண்டாம். மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை இருக்கிறது, அங்கே வாருங்கள். பக்கவாட்டுக் கதவும் திறந்திருக்கிறது.